33 வயதில் தாடையெல்லாம் பரு

கேள்வி: சிங்கப்பூரில் செங்காங்கில் இருக்கிறேன், வயது 33, அலுவலக வேலை. பள்ளிப் பருவத்தில்கூட எட்டிப் பார்க்காத பரு இரண்டு வருடமாகத் தாடையிலும் வாயோரத்திலும் வருகிறது. மாதவிலக்குக்கு முந்தைய வாரம் கூடுகிறது. இணையத்தில் வாங்கிய ஒரு க்ரீம் நாலே நாளில் முகத்தைப் பளிச்சென்று ஆக்கியது. ஆனால் போடாமல் விட்டால் முகம் சிவந்து எரிகிறது, பரு முன்பைவிட அதிகமாகிறது. ஆறு வாரமாகப் போடுகிறேன். கடலை மாவும் எலுமிச்சைச் சாறும் தேய்த்துக் குளிக்கிறேன். எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தச் சொல்கிறார் மாமியார். தினமும் மூன்று தே தாரிக் குடிப்பேன். இந்த வருடம் குழந்தைக்கு முயற்சி செய்யப் போகிறோம். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த க்ரீம். போட்ட நாலு நாளில் பளிச், விட்டதும் எரிச்சலும் கூடுதல் பருவும் என்றால், அதில் சொல்லாமல் சேர்த்த ஸ்டீராய்டு இருக்கலாம் என்ற சந்தேகம் வலுவாக எழுகிறது. ஸ்டீராய்டு வீக்கத்தை அமுக்கிக் காட்டுமே தவிர பருவுக்கு மருந்தாகாது. நாள்பட்டால் தோலை மெலிய வைத்துப் புதிய பருக்களையும் கிளப்பும். நிறம் கூட்டுவதாகச் சொல்லி விற்கும் க்ரீம்களில் சில பாதரசமும் கலந்தவை. அது சிறுநீரகத்துக்கும் கருவுக்கும் கேடு. இத்தகைய பொருள்களைப் பற்றிச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிறது. குழந்தைக்குத் திட்டமிடும் நீங்கள் இனி அதைத் தொடாதீர்கள். டியூபைத் தூக்கி எறியாமல் இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) எடுத்துச் செல்லுங்கள். விட்டபின் சில வாரம் முகம் சிவந்து பரு கிளம்பும். அதைச் சமாளிக்க மருத்துவர் உதவி வேண்டும். அந்த நாள்களில் பயந்துபோய் மறுபடி அதே க்ரீமை எடுப்பவர்கள்தான் அதிகம்.

எலுமிச்சையும் இன்றோடு போதும். அதன் அமிலம் தோலின் மேலடுக்கை அரிக்கிறது, கடலை மாவு உரசுகிறது. நம் நிறத் தோலில் உரசல் பட்ட இடமெல்லாம் கரும்புள்ளியாக நிற்கும். பரு அழுக்கால் வருவதில்லை. ஹார்மோன் எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்ட, உதிர்ந்த செல்கள் துவாரத்தை அடைக்க, உள்ளே கிருமி பெருகி வீங்குகிறது. எத்தனை முறை தேய்த்தாலும் அந்த ஆழத்துக்குக் கை போகாது.

முதல் இரண்டு வாரம், மருத்துவர் தருவதைத் தவிர, மருந்து எதுவும் வேண்டாம். தோல் ஆறட்டும். காலை, இரவு இரண்டு வேளை வாசனையில்லாத, மிதமான க்ளென்சரால் விரல் நுனியில் அரை நிமிடம் கழுவி, ஒற்றித் துடைத்து, ஜெல் வகை மாய்ஸ்சரைசர் போடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் மாய்ஸ்சரைசர் எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எட்டு மணி நேர அலுவலக ஏர்கான் தோலை உலர்த்துவது கணக்கில் வருவதில்லை. காலையில் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நீளத்துக்குப் பிழிந்த அளவு. அதில் பாதி போட்டால் பாதுகாப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

மூன்றாம் வாரம் அசெலாயிக் அமிலம் 20 சதவீத க்ரீம். பருவையும் கரும்புள்ளியையும் சேர்த்துக் குறைக்கும், கர்ப்ப காலத்திலும் பயன்படுத்தத் தக்கதாகக் கருதப்படுகிறது. உங்கள் நிலைமைக்கு இதைத்தான் முதலில் வைப்பேன். மருந்துக்கடையில் மருந்தாளரிடம் கேளுங்கள். பரு உள்ள இடத்தில் மட்டும் பொட்டு வைக்காமல், தாடை முழுக்க மெல்லியதாகப் பூசுங்கள். முதலில் ஒரு நாள் விட்டு ஒரு இரவு, இரண்டு வாரம் கழித்துத் தினமும், பிறகு காலையிலும். ஆரம்பத்தில் சுருக்கென்று அரிக்கும், பொறுத்துக்கொள்ளலாம். தாங்க முடியாவிட்டால் அடியில் மாய்ஸ்சரைசர் போட்டு அதன்மேல் பூசுங்கள்.

ஏழாம் வாரத்திலும் சிவந்த, சீழ் வைத்த பரு வந்தால் பென்ஸாயில் பெராக்சைடு 2.5 சதவீதத்தைத் தாடையில் பூசி ஐந்து நிமிடத்தில் கழுவிவிடுங்கள். 10 சதவீதம் வேண்டாம். பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான், எரிச்சல் மட்டும் கூடும். துணியில் பட்டால் நிறம் போய்விடும், வெள்ளைத் துவாலை வைத்துக்கொள்ளுங்கள்.

அடாபலீன், ட்ரெட்டினாயின் க்ரீம்களைத் தோழிகள் பரிந்துரைப்பார்கள். நல்ல மருந்துகள்தான், ஆனால் குழந்தைக்கு முயலும்போது தவிர்ப்பவை. ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கருவுக்குக் கடும் குறைபாடு தரும், அதை நிறுத்தி ஒரு மாதமாவது கழித்தே கருத்தரிக்க வேண்டும். யாரிடம் சிகிச்சைக்குப் போனாலும் உங்கள் திட்டத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். மாமியார் சொல்வதில் பாதி சரி. வடையின் எண்ணெய் முகத்தில் வந்து வழிவதில்லை. சிக்கல் சர்க்கரையில். வேகமாகச் சர்க்கரை ஏற்றும் உணவு இன்சுலினை உயர்த்தும், அது எண்ணெய்ச் சுரப்பைத் தூண்டும். 2007இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவை 12 வாரம் உண்ட இளைஞர்களுக்குப் பரு குறைந்தது. உங்கள் மூன்று தே தாரிக்கிலும் சர்க்கரை நிறைந்த கண்டென்ஸ்டு மில்க். அதை ஒரே கோப்பையாக்கி, மற்ற நேரம் தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) கேளுங்கள். ஒரேயடியாக முடியாவிட்டால் முதல் வாரம் சியூ டாய் (சர்க்கரை குறைத்தது). பபிள் டீக்கு 2023 இறுதியிலிருந்து கடையிலேயே சர்க்கரை, கொழுப்பு அளவைக் காட்டும் நியூட்ரி-கிரேட் எழுத்து போட்டிருக்கும், சி, டி என்றால் தவிருங்கள். சாதத்தை நிறுத்த வேண்டாம். தட்டில் கால் பங்கு சாதம், கால் பங்கு மீன் அல்லது பருப்பு, பாதி காய், கீரை, பழம். பாலுக்கும் பருவுக்கும் தொடர்பு சிலருக்கு மட்டுமே. ஆறு வாரம் குறைத்துப் பாருங்கள், மாற்றம் இல்லையென்றால் பழையபடி குடிக்கலாம். ஜிம் போகிறவர் குடிக்கும் வே புரோட்டீன் மாவு உங்கள் வீட்டில் இருந்தால் அதைத் தொடாதீர்கள், அது பருவைக் கிளப்பக்கூடியது.

இத்தனைக்கும் பலன் தெரிய 12 வாரம் ஆகும். கரும்புள்ளி மங்க இன்னும் சில மாதம். இடையில் பருவைக் கிள்ளாதீர்கள்.

மாதவிலக்கு 35 நாளைத் தாண்டித் தள்ளிப்போகிறதா, மோவாயில் கனத்த முடி முளைக்கிறதா? அப்படியானால் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி நோய்) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கருத்தரிப்பதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு, தள்ளிப்போட வேண்டாம். கட்டி கட்டியாக ஆழத்தில் வலித்தாலோ, குழி விழத் தொடங்கினாலோ 12 வாரம் காத்திருக்காமல் மண்டலே ரோட்டில் உள்ள தேசிய சரும நிலையத்துக்குப் போங்கள். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதம் இருந்தால் மானியக் கட்டணத்தில் பார்க்கலாம்.