மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் வைட்டமின் பி12 பார்க்க வேண்டுமா? டர்பன் வாசகர்களின் கேள்விகள்

சாட்ஸ்வொர்த் வாசகி: பல வருடமாக சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். பாதம் மரத்துப்போகிறது, ராத்திரியில் எரிகிறது. சர்க்கரையால்தானே அக்கா?

இருக்கலாம். பி12 குறைந்தாலும் காலில் இதேதான் நடக்கும், அதனால்தான் அது யார் கண்ணிலும் படுவதில்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உடம்பில் சேர்வதை மெட்ஃபார்மின் குறைக்கிறது. ஈரலில் சில வருடத்துக்கான இருப்பு உண்டு, ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. டோஸும் வருடமும் கூடக்கூட ஆபத்தும் கூடும். அடுத்த முறை கிளினிக்குக்கு மாத்திரை வாங்கப் போகும்போது, பி12 ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். குறைவு என்றால் ஊசியோ மாத்திரையோ தருவார்கள். தள்ளிப்போட்டால் நரம்பு முழுதாகத் தேறாமல் போகலாம். மெட்ஃபார்மினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது நல்ல மருந்து.

ஃபீனிக்ஸ் வாசகர்: புரட்டாசி முழுக்க விரதம் இருக்கிறோம். பி12 குறையுமா?

ஒரு மாதத்தில் குறையாது. வருடம் முழுதும் சைவம், கூடவே மெட்ஃபார்மின் என்றால் கவலை கூடும். பருப்பு, கீரை, பீன்ஸ் கறி எவ்வளவு சாப்பிட்டாலும் பி12 கிடைக்காது. பால், தயிரில் கொஞ்சம் உண்டு. கடை ரொட்டியையும் நம்ப முடியாது. 2003 முதல் இங்கே தென்னாப்பிரிக்காவில் ரொட்டி மாவிலும் சோள மாவிலும் இரும்பு, துத்தநாகம், ஃபோலிக் அமிலம் எல்லாம் சட்டப்படி சேர்க்கிறார்கள், ஆனால் அந்தப் பட்டியலில் பி12 இல்லை. இன்னொன்று: பி12 குறைவால் வரும் ரத்தசோகையை ஃபோலிக் அமிலம் மறைத்துவிடலாம், நரம்பு பாட்டுக்குக் கெட்டுக்கொண்டே போகும். ரத்த அணு எண்ணிக்கை சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். விரதம் முடிந்ததும் டின் மீன் சட்னி தாராளமாகச் சாப்பிடுங்கள், பில்ச்சர்ட் மீனில் பி12 நிறைய.

டோங்காட் வாசகி: கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. மெக்னீசியம் வாங்கலாமா?

சர்க்கரை ஏறிக் கிடந்தால் சிறுநீரோடு மெக்னீசியமும் போய்விடும், அதனால் முதலில் சர்க்கரையைப் பிடியுங்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் மெக்னீசியம் உடம்பில் தேங்கிவிடும். டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

வெருலம் வாசகர்: வைட்டமின் டி சாப்பிட்டால் சர்க்கரை வராதாமே?

சர்க்கரையின் விளிம்பில் இருந்தவர்களுக்குத் தினம் 4000 யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-இல் முடிவு வந்தது, குறிப்பிடும்படி பலன் இல்லை. டி குறைவாக இருந்தால் எலும்புக்காகச் சாப்பிடுங்கள்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து இன்னொருவர்: அம்மாவுக்கு இரும்புச்சத்து குறைவு. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை சுமார்தான், மூன்று மாதச் சராசரி மட்டும் அதிகம். எப்படி?

இரும்பு குறைந்தால் அந்தச் சராசரி உள்ளதைவிட அதிகமாகக் காட்டலாம். சர்க்கரை மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் டாக்டரிடம் இரும்பு, சராசரி இரண்டு ரிப்போர்ட்டையும், விரலில் பார்த்து எழுதிவைத்த நோட்டையும் சேர்த்துக் காட்டுங்கள்.