கூர்நோக்கு இல்லத்துல இருந்தத யார்கிட்ட எல்லாம் சொல்லணும்?

மேடம், எனக்கு 25 வயசு, ஊரு திண்டுக்கல் பக்கம். ப்ளஸ் ஒன் படிக்கும்போது பஸ் ஸ்டாண்டுல பசங்களுக்குள்ள அடிதடி, ஒருத்தனுக்கு மண்டைல தையல் போட்டாங்க, கேஸ்ல என் பேரும் சேந்துடுச்சு. கொஞ்ச நாள் கூர்நோக்கு இல்லம் (கேஸ்ல சிக்கின சிறுவர்கள வைக்கற இடம்), அப்புறம் பெயில், மறு வருஷம் சிறுவர் கேஸ விசாரிக்கற இளைஞர் நீதிக் குழுமத்துல புத்தி சொல்லி கண்டிச்சு அனுப்பிட்டாங்க. இப்ப சென்னைல வேலை கிடைச்சிருக்கு, வெரிஃபிகேஷன் ஃபார்ம்ல 'எப்பவாச்சும் கைதாகி இருக்கீங்களா'னு கேட்டு ஆமா, இல்லனு ரெண்டே கட்டம். நைட்டு பூரா அதையே பாத்துட்டு உக்காந்திருக்கேன், எதுலயும் டிக் பண்ண கை வரல. சித்தப்பா வேற எந்த விசேஷத்துல பாத்தாலும் 'வாங்கடா, ஜெயில் பறவை வந்தாச்சு'ம்பாரு, எல்லாரும் சிரிப்பாங்க. பொண்ணும் பேசி முடிச்சிருக்காங்க. அவகிட்ட சொல்லணுமா, மறைக்கணுமா?

தம்பி, முதல்ல ஒண்ணு, நீங்க போனது ஜெயிலே இல்ல. சித்தப்பாவுக்கு அது தெரியாம இருக்கலாம், சட்டத்துக்குத் தெரியும். 2015 இளைஞர் நீதிச் சட்டம் 24வது பிரிவு, சிறுவனா இருந்தப்ப நடந்த கேஸால பின்னாடி எந்தத் தகுதியிழப்பும் வரக்கூடாதுங்குது. (16 வயசுக்கு மேல, கொடுங்குற்றத்துக்கு பெரியவங்க மாதிரி விசாரிச்ச கேஸுக்கு இது பொருந்தாது, உங்களது அப்படி இல்ல.) 74வது பிரிவு இன்னும் ஒரு படி மேல, கேஸ் முடிஞ்சிட்டா நன்னடத்தை சான்றிதழுக்காகக் கூட போலீஸ் அந்த ரெக்கார்ட வெளிய சொல்லக்கூடாது. 2016 மாதிரி விதிகள்படி ரெக்கார்ட அப்பீல் காலம் முடியற வரைக்கும் அல்லது 7 வருஷம் வரைக்கும்தான் வச்சிருக்கணும், அப்புறம் அழிச்சிடணும். மத்திய போலீஸ் படைக்கு செலக்ட் ஆன ஒருத்தர சின்ன வயசு கேஸ காட்டி ஒதுக்கினப்ப, 2019ல சுப்ரீம் கோர்ட்டு அவர் பக்கம்தான் நின்னுச்சு.

ஆனா எழுத்துல இருக்கறதெல்லாம் ஸ்டேஷன்ல தானா நடந்துடும்னு நான் சொல்ல மாட்டேன். குழுமத்தோட ஆர்டர் காப்பி வீட்ல எங்கயாவது மஞ்சப்பைல இருக்கும், அம்மாகிட்ட கேட்டு எடுங்க, அந்த ஃபார்மையும் பிரிண்ட் எடுத்துக்கிட்டு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, அங்க வக்கீல் பாத்து எந்தக் கட்டம்னு சொல்லட்டும். ரெக்கார்டு அழிச்சாச்சானு குழுமத்துலயே மனு போட்டும் கேக்கலாம். அதுவரைக்கும் நைட்டு லேப்டாப்ப மூடிடுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு முடிவு பண்ற விஷயமா இது?

உங்க லெட்டர்ல கம்பெனி பயத்த விட எனக்குப் பெருசா பட்டது அந்தச் சிரிப்புதான். இத்தன வருஷமா நீங்களும் கூடச் சேந்து சிரிச்சு சமாளிச்சிருப்பீங்கனு நினைக்கிறேன். அடுத்த தடவ சிரிக்காதீங்க. 'சித்தப்பா, இனிமே அப்படிக் கூப்பிடாதீங்க'னு தனியா கூட்டிப்போய், சத்தம் போடாம சொல்லிப் பாருங்க. கை நடுங்கும், பரவால்ல.

பொண்ணு விஷயத்துல சட்டம் ஒண்ணும் சொல்லல, நான் சொல்றது என் அபிப்ராயம், சொல்லிடுங்க. கம்பெனிக்கு உங்க பழைய கத மேல உரிமை கிடையாது, கூட வாழப்போறவ வேற. நிச்சயத்துக்கு முன்னாடி, நேர்ல, என்ன நடந்துச்சு, எப்படி முடிஞ்சுதுனு மட்டும் சொல்லுங்க, மன்னிப்பு கேட்டு கெஞ்சாதீங்க, உடனே பதில் வேணும்னு நெருக்காதீங்க. அவ வேணாம்னும் சொல்லலாம், அது வலிக்கும்தான். ஆனா கல்யாணப் பந்தில உங்க சித்தப்பா வாயில இருந்து அவ முதல் தடவ கேக்கறத யோசிச்சுப் பாருங்க.

தூக்கம் இப்படியே கெட்டா 14416க்கு ஃபோன் பண்ணுங்க, டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.