கியாண்டி கிளாசிகோ துவர்க்கிறதே, எதோடு குடிப்பது?

கேள்வி: கியாண்டி கிளாசிகோ என்ற சிவப்பு ஒயின் ஒரு பாட்டில் பரிசாக வந்தது. திறந்து ஒரு வாய் குடித்தால் ஒரே புளிப்பு. ஈறெல்லாம் துவர்த்து நாக்கு வறண்டுவிட்டது. கெட்டுப்போன ஒயினா? இதற்கு என்ன சாப்பாடு பொருந்தும்?

பதில்: நீங்கள் சொல்லும் புளிப்பும் துவர்ப்பும் அந்த ஒயினின் சுபாவம். இத்தாலியின் டஸ்கனியில், ஃப்ளாரன்ஸுக்கும் சியனாவுக்கும் இடையிலுள்ள குன்றுகளில் விளைவது இது. குறைந்தது 80 சதவீதம் சாஞ்சியோவேசே திராட்சை இருக்க வேண்டும் என்பது விதி. அந்தத் திராட்சையில் புளிப்பும், துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருளும் தூக்கல், நிறம் குறைவு. கோப்பையில் வெளிறித் தெரிந்தாலும் சந்தேகப்படாதீர்கள்.

கெட்டதா என்று மூக்குதான் சொல்லும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் கார்க்கால் வந்த கோளாறு. வினிகர் நெடி என்றால் ஒயின் காடியாகிக்கொண்டிருக்கிறது. புளிப்புச் செர்ரி, வயலட் பூ, உலர்ந்த மூலிகை, தேயிலை, கொஞ்சம் மண்வாசனை என்று வந்தால் நல்ல பாட்டில்.

அடுத்து, சூட்டைப் பாருங்கள். 16 முதல் 18 டிகிரி செல்சியஸில் ஊற்ற வேண்டும். அறைச்சூடு 25 டிகிரியைத் தாண்டினால் ஆல்கஹால் நெடிதான் முன்னால் நிற்கும். ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் சுமார் 10 நிமிடம் வைத்தால் போதும். அதிகம் குளிர்ந்தால் துவர்ப்பு இன்னும் கடுமையாகும். கார்க்கை மட்டும் எடுத்துவிட்டு 'மூச்சு விட' வைப்பது வீண்வேலை, அந்தக் குறுகிய கழுத்து வழியே எவ்வளவு காற்று போகும்? அகன்ற குடுவையில் ஊற்றி அரை மணி நேரம் வையுங்கள்.

இனி சாப்பாடு. டானின் எச்சிலிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதால் வாயின் வழுவழுப்பு போய்விடுகிறது. துவர்ப்பு என்று நாம் உணர்வது அதைத்தான். வாயில் இறைச்சியின் புரதமும் கொழுப்பும் இருந்தால் டானின் அவற்றைப் பற்றும், ஈறு தப்பிக்கும். உப்பு கசப்பை அடக்கும். ஃப்ளாரன்ஸ்காரர்கள் நாலைந்து சென்டிமீட்டர் கனத்தில் எலும்போடு வெட்டி, கரி நெருப்பில் சுடும் பிஸ்தெக்கா மாட்டிறைச்சிக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது. உள்ளே சிவப்பாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். முழுக்க வெந்து சாறு வற்றிய இறைச்சியோடு குடித்தால் வறட்சி இரட்டிப்பாகும்.

தக்காளிக்கு இந்த ஒயின் கைகொடுப்பது புளிப்பால். உணவின் புளிப்பு ஒயினை மிஞ்சினால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். சாஞ்சியோவேசே அப்படித் தோற்பதில்லை. தக்காளியும் பழைய ரொட்டியும் சேர்த்துக் குழைக்கும் பாப்பா அல் பொமொதோரோவும், வெள்ளை பீன்ஸும் கருங்கோஸும் வேகும் ரிபொல்லீதா சூப்பும் இதனால்தான் சேர்கின்றன. சூப்பின் மேல் பச்சை ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக விடுங்கள், அந்தக் கொழுப்பு தேவை.

பாட்டில் கழுத்தில் கருஞ்சேவல் முத்திரை இருக்கும். லேபிளில் வகையைப் பாருங்கள். வகை எதுவும் போடாமல் இருந்தால் 12 மாதம் முதிர்ந்த சாதாரண அன்னாத்தா. மேலே சொன்ன தக்காளி, பீன்ஸ் உணவுகளுக்கும், சோம்பு போட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சியான ஃபினொக்கியோனா சலாமிக்கும் அதுவே சரி. ரிசெர்வா 24 மாதம், கிரான் செலெசியோனே 30 மாதம். இவற்றை பிஸ்தெக்காவுக்கும், காட்டுப்பன்றிக் கறிக்குழம்பு பிசைந்த பப்பர்தெல்லே என்ற அகலப் பட்டை பாஸ்தாவுக்கும், முற்றிய பெக்கொரீனோ செம்மறியாட்டுப்பால் சீஸுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

சேராதவை: மிளகாய்க் காரம் ஆல்கஹாலின் எரிச்சலையும் துவர்ப்பையும் தூண்டிவிடும். எண்ணெய்ச் சத்துள்ள மீனோடு குடித்தால் வாயில் இரும்பு வாடை வரும். இனிப்புப் பண்டம் ஒயினை வெறும் புளிப்பாக்கிவிடும். வினிகர் ஊற்றிய சாலடும் வேண்டாம்.

மீதியைக் கார்க் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். குடிக்க அரை மணி முன்பே வெளியே எடுத்து வையுங்கள்.