அடுத்த லெவல்ல எது நிக்கும்? – வாசகர் கடிதமும் பதிலும்

அண்ணா வணக்கம்,

நாங்க நார்த் கரோலினால இருக்கோம், சொந்த ஊரு ஈரோடு பக்கம். என் பையனுக்கு 16 வயசு, ஆகஸ்ட்ல 11வது போறான், 6 அடி 1 இன்ச், ஸ்கூல் பாஸ்கெட்பால் டீம்ல பாயிண்ட் கார்ட், அதாவது பந்த கொண்டு வந்து ஆட்டத்த நடத்தறவன். ஜூலைல பணம் கட்டி, காலேஜுக்கு ஆள் தேடறவங்க முன்னாடி பசங்க ஆடிக் காட்டற ஒரு ஷோகேஸ் கேம்புக்கு கூட்டிட்டு போனோம். ரெண்டு நாள், நாலு கேம். முன்னப்பின்ன தெரியாத பசங்களோட ஒரு டீம்ல போட்டுட்டாங்க, ஆளாளுக்கு பந்த எடுத்து ஷூட் பண்ணாங்களே தவிர இவன் கைக்கு பந்தே சரியா வரல. இவன் பாஸ் பண்ணா திரும்பி வராது. அதே டீம்ல ஒரு பையன் ஒரு கேம்ல 25 பாயிண்ட் போட்டான், அவன சுத்தி தான் கேமரா எல்லாம். கடைசில இவனுக்கு ஒரு ரிப்போர்ட் குடுத்தாங்க, நாலே வரி: பாஸிங் நல்லாருக்கு, டிஃபென்ஸ்ல கால் நல்லா நகருது, ஷூட் பண்ண தயங்குறான், இப்போதைக்கு டிவிஷன் 3 லெவல், அதாவது காலேஜ் ஆட்டத்துல மூணாவது அடுக்கு. அத படிச்சிட்டு பையன் ரெண்டு நாள் சரியா சாப்பிடல. வீட்டுக்காரர் இதெல்லாம் காசு புடுங்குற வேலைங்கறார். ரெண்டு நாள்ல ஒரு பையன எப்படிண்ணா எடை போட முடியும்? இன்னொரு கேம்ப் அனுப்பலாமா? இனிமே பாஸ் பண்றத விட்டுட்டு ஷூட் பண்ணுடான்னு சொல்லிடவா?

(பேர் போட வேண்டாம்)

---

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன். தயவுசெஞ்சு அப்படி மட்டும் சொல்லிடாதீங்க. அந்த நாலு வரி ரிப்போர்ட்ட நான் படிச்சப்ப எனக்கு மோசமாவே தோணல, எழுதின ஆளு உங்க பையன உண்மையிலேயே கவனிச்சு பாத்திருக்கார்னுதான் தோணுச்சு. நான் இங்க ஒரு ஹைஸ்கூல் டீமுக்கு உதவி கோச், கோடைல இந்த மாதிரி கேம்ப்ல பேஸ்லைன் ஓரமா நாற்காலி போட்டு உக்காந்து ஜெர்சி நம்பர் பாத்து குறிப்பு எழுதற வேலையும் பண்றேன், அதனால அந்தப் பக்கத்துலருந்து இது எப்படி தெரியும்னு சொல்றேன்.

எல்லாரும் நெனைக்கறது, ஸ்கவுட்டுங்க (இப்படி பசங்கள பாத்து எடை போடறவங்க) யாரு நல்லா ஆடறான்னு பாக்கறாங்கன்னு. அது இல்ல. இவன் இன்னிக்கு பண்றதுல எது அடுத்த லெவல்லயும் செல்லுபடியாகும், அதான் கேள்வி. அந்த 25 பாயிண்ட் பையனையே எடுத்துக்கங்க, நான் அவன பாக்கல, ஆனா அந்த மாதிரி பையன் எல்லா கேம்ப்லயும் ஒருத்தன் இருப்பான். அவன் 25 எப்படி போட்டான்? ஃபாஸ்ட் பிரேக்ல (பந்து கெடச்சதும் வேகமா ஓடி தாக்கறப்ப) யாரும் திரும்பி ஓடி வராதப்ப வளையத்துக்கு பக்கத்துல போய் போட்ட லேஅப் எத்தன, தன்ன விட 3 இன்ச் குட்டையான பையன் தலைக்கு மேல போட்டது எத்தன? காலேஜ்ல எல்லாரும் திரும்பி ஓடி வருவாங்க, எல்லாரும் அவன் உசரம் இருப்பாங்க, அப்ப அந்த 25ல என்ன மிச்சம் இருக்கும்னு மனசுல கழிச்சுப் பாக்கணும். சில பசங்களுக்கு கழிச்சப்புறமும் நெறைய மிச்சம் இருக்கும், அவங்கள பாத்தவுடனே தெரிஞ்சுடும். பலருக்கு ஒண்ணும் மிஞ்சாது.

கழிக்க முடியாத விஷயங்கள் சிலது இருக்கு. கை நீளம். பக்கவாட்டுல கால் நகர்ற வேகம். பந்து கைல வர்றதுக்கு முன்னாடியே அடுத்து யாருக்குன்னு தெரிஞ்சு வெச்சிருக்கறது. ஷூட் பண்றப்ப பந்த எங்கருந்து விடறான் – இடுப்புகிட்டருந்து தூக்கி விடற பையனுக்கு 16 வயசுல பந்து உள்ள போகும், ஏன்னா எதிர்ல நிக்கறவனுக்கு எட்டாது, காலேஜ்ல அதே ஷாட்ட பிளாக் பண்ணிடுவாங்க. அதனால ரெண்டு நாள்ல எத்தன த்ரீ (தூரத்துலருந்து போடற மூணு பாயிண்ட் ஷாட்) உள்ள போச்சுங்கறத நான் பெருசா எழுதவே மாட்டேன், அது அன்னிக்கு அதிர்ஷ்டம் கூட. அவனோட ஸ்கூல் சீசன் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்கு அப்புறம் யாரும் மறிக்காம நின்னு போடறது) கணக்க கேப்பேன். ஷூட்டிங் கை இருக்கா இல்லையான்னு அது சொல்ற மாதிரி ரெண்டு நாள் த்ரீ கணக்கு சொல்லாது.

கேம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வார்ம்அப்லயே பாதி வேலை முடிஞ்சிடும். பந்த விரலால புடிக்கறானா நெஞ்சுல அணைச்சு புடிக்கறானா, இடது கைல லேஅப் போடறானா இல்ல இடது பக்கம் போயும் வலது கையே வருதா, குதிக்க ரெண்டு அடி ஓடணுமா நின்ன எடத்துலருந்தே எழும்பறானா. கேம்ப் லிஸ்ட்ல எழுதியிருக்கற உசரத்த நான் நம்பறதில்ல, பக்கத்துல நிக்கற பையனோட தோள வெச்சு பாப்பேன். அப்பா அம்மா ஸ்டாண்டுல எங்க உக்காந்திருக்காங்கன்னு தேடி அவங்க உசரத்தையும் பாப்போம், நீங்களும் அன்னிக்கு அளவெடுக்கப்பட்டிருப்பீங்க!

வயசு இன்னொண்ணு, பெத்தவங்க இத கேக்கறதே இல்ல. 2001 ஜூலைல நியூ ஜெர்சில, ஃபேர்லி டிக்கின்சன் யுனிவர்சிட்டி ஜிம்ல ஏபிசிடி கேம்ப் நடந்துச்சு, சன்னி வக்காரோ நடத்தின கேம்ப். அப்ப நாட்டுலயே முதல் வரிசைல இருந்த ஹைஸ்கூல் பையன் லென்னி குக். அவருக்கு எதிரா ஒஹாயோலருந்து வந்த லெப்ரான் ஜேம்ஸ், பின்னால என்.பி.ஏ.ங்கற அமெரிக்க புரொஃபஷனல் லீக்ல பெரிய நட்சத்திரம் ஆனவர். லெப்ரான் 24 பாயிண்ட், குக் 9, கடைசி நொடில லெப்ரான் போட்ட த்ரீல கேமே முடிஞ்சுது. இந்தக் கதைய எல்லாரும் லெப்ரானுக்காக சொல்வாங்க, எனக்கு அதுல முக்கியமா படறது குக்குக்கு அப்ப 19 வயசு, லெப்ரானுக்கு 16. முழுசா வளந்த ஆம்பள உடம்போட இன்னும் வளந்துட்டிருக்கற பசங்க மேல ஆடினவர் குக், அந்த வித்தியாசம் ஒருநாள் தீந்துடும்னு அவரச் சுத்தி இருந்தவங்க யாராவது கணக்கு போட்டு சொல்லியிருக்கணும். 2002ல என்.பி.ஏ. டீமுங்க புது ஆளுங்கள எடுக்கற டிராஃப்ட்ல பேர் குடுத்தாரு, ஒரு டீமும் எடுக்கல. அந்தப் பையன தூக்கி வெச்சு கொண்டாடின பெரியவங்க மேல எனக்கு இன்னும் கோவம் உண்டு.

இதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு. விளையும் பயிர் முளையிலே தெரியும்னு நம்ம ஊர்ல சொல்வாங்க, பாஸ்கெட்பால்ல அது எப்பவும் நிக்காது. சிகாகோ ஆந்தனி டேவிஸ் 6 அடி 2, 3 இன்ச்ல கார்டா ஆடிட்டிருந்த பையன், ஹைஸ்கூல் முடியறதுக்குள்ள 6 அடி 10 இன்ச் வந்துட்டாரு, பந்த கையாள்றது மட்டும் கார்டு மாதிரியே இருந்துச்சு. 11வது முடியற வரைக்கும் பெரிய காலேஜ் எதுவும் அவர பெருசா எட்டிப் பாக்கல. 2012 டிராஃப்ட்ல மொத ஆளா எடுத்தாங்க. உங்க பையன் இன்னும் வளருவானா மாட்டானான்னு எனக்கும் தெரியாது அந்த ஸ்கவுட்டுக்கும் தெரியாது, அதனாலதான் ரிப்போர்ட்ல "இப்போதைக்கு"ன்னு எழுதியிருக்காரு. அந்தச் சொல்ல பையன்கிட்ட காட்டுங்க.

ரெண்டு நாள்ல எடை போட முடியுமான்னு கேட்டீங்க. சில சமயம் முடியும். 1980 கோடைல பிட்ஸ்பர்க்ல நடந்த ஃபைவ் ஸ்டார் கேம்புக்கு உங்க மாநிலத்து வில்மிங்டன் பையன் ஒருத்தன் போனான், அதுவரைக்கும் ஊருக்கு வெளிய பெருசா யாருக்கும் தெரியாது, ஒரு வாரத்துல நாட்டுக்கே தெரிஞ்சுபோச்சு, மைக்கேல் ஜோர்டன். 1996ல ஃப்ளோரிடாலருந்து வந்த ட்ரேசி மெக்ரேடியும் அப்படித்தான், லிஸ்ட்லயே இல்லாம ஏபிசிடி கேம்புக்கு வந்தவர் அடுத்த வருஷம் ஹைஸ்கூல்லருந்து நேரா என்.பி.ஏ. டிராஃப்ட்ல 9வது ஆள். ஆனா இதெல்லாம் கண்ண மூடிட்டு பாத்தாலும் தெரியற ஆளுங்க. மத்த லட்சக்கணக்கான பசங்க விஷயத்துல ரெண்டு நாள் பத்தாது, நல்ல ஸ்கவுட்டுங்க அத ஒத்துக்குவாங்க. நியூயார்க்ல டாம் கான்சால்ஸ்கின்னு ஒருத்தர் இருந்தாரு, 2021ல காலமாயிட்டாரு. கார் ஓட்ட மாட்டாரு, செல்ஃபோன் கெடையாது, கம்ப்யூட்டர் கெடையாது, ஜிம்ல மேல் வரிசைல மஞ்சள் பேப்பர் பேடோட உக்காந்து பாத்துட்டு வீட்டுக்கு போய் டைப்ரைட்டர்ல அடிச்சு காலேஜ் கோச்சுகளுக்கு தபால்ல அனுப்புவாரு. பெரிய பெரிய கோச் எல்லாம் அவர் சொல்ல நம்பினாங்க, ஏன்னா அவர் ஒரே பையன திரும்பத் திரும்ப, அவன் ஸ்கூல் ஜிம்லயே போய் பாத்தவர். நாம பேசற கேம்புல இது கெடையாது, ஒருத்தர் ஒரே நாள்ல நூறு பசங்கள பாக்கணும்.

அதனால விட்டுப்போறதும் நடக்கும். 2016 கோடைல சவுத் கரோலினால ஒரு கேம்ப், மர்ரே ஸ்டேட் யுனிவர்சிட்டி உதவி கோச் ஜேம்ஸ் கேன் வேற ஒரு பையன பாக்க வந்திருந்தாரு, கொறிக்க ஏதாச்சும் வாங்கப் போனப்ப பின்னாடி சின்ன ஜிம்ல பந்து சத்தம் கேட்டு எட்டிப் பாத்தா மூணுக்கு மூணு ஆடிட்டிருந்த ஒல்லியான பையன். ஜா மொரான்ட். எந்த ரேங்கிங்லயும் பேர் இல்ல. மூணு வருஷத்துல என்.பி.ஏ. டிராஃப்ட்ல ரெண்டாவது ஆள். மெயின் ஜிம்ல உக்காந்திருந்தவங்க யாரும் அன்னிக்கு சோம்பேறியா இருக்கல, பாக்க வேண்டிய எடத்துல அவன் இல்ல, அவ்ளோதான்.

பந்து கைக்கே வரலைன்னு எழுதியிருந்தீங்க. பந்து வராதப்ப என்ன பண்றான்ங்கறதத்தான் நாங்க அதிகம் பாக்கறோம். பாஸ் திரும்பி வரலன்னா மூஞ்சிய தூக்கிட்டு மூலைல நிக்கறானா, இல்ல எதிராளிய மறிச்சு நின்னு இன்னொருத்தனுக்கு ஸ்கிரீன் போடறானா, பந்து தொலைஞ்சா ரெஃப்ரிய பாத்து கைய விரிக்கறானா திரும்பி ஓடறானா, டிஃபென்ஸ்ல வாய் தொறந்து பேசறானா. டேவிட்சன் காலேஜ் கோச்சா இருந்த பாப் மெக்கில்லப், பின்னால என்.பி.ஏ. நட்சத்திரமான ஸ்டெஃபன் கரிய லாஸ் வேகஸ்ல ஒரு டோர்னமென்ட்ல பாத்தப்ப கரி அன்னிக்கு படுமோசம், பந்த ஸ்டாண்டுக்குள்ள எறிஞ்சாரு, ஷாட் எல்லாம் வெளிய. ஆனா ஒரு தடவ கூட ரெஃப்ரிய குறை சொல்லல, கூட ஆடினவன் மேல பழி போடல, பெஞ்ச்ல உக்காந்தும் கத்தி உற்சாகப்படுத்திட்டிருந்தாரு, அதான் தன் மனசுல நின்னுச்சுன்னு மெக்கில்லப் பின்னால சொல்லியிருக்காரு. உங்க பையனுக்கு பந்தே வராத அந்த நாலு கேம்ல ஒருத்தர் "பாஸிங் நல்லாருக்கு, கால் நல்லா நகருது"ன்னு எழுதியிருக்காருன்னா அவன் சும்மா நிக்கலன்னு அர்த்தம்.

இப்ப அந்த டிவிஷன் 3. இங்க ஹைஸ்கூல்ல ஆடற பசங்க 5 லட்சத்துக்கும் மேல, டிவிஷன் 1 போறவங்க நூத்துக்கு ஒருத்தர் அளவுதான், மூணு டிவிஷனும் சேத்தா கூட நூத்துக்கு நாலு பேர் தேறாது. அதோட 2021லருந்து காலேஜ் பசங்க ஒரு வருஷம் சும்மா உக்காராம உடனே வேற காலேஜ் மாறி ஆடலாம்னு ரூல் வந்துடுச்சு, அதனால டிவிஷன் 1 கோச் 17 வயசு பையன வளத்தெடுக்கறதுக்கு பதில் ஏற்கனவே காலேஜ்ல ஆடின 21, 22 வயசு ஆள எடுத்துக்கறாரு, ஹைஸ்கூல் பசங்களுக்கு எடம் சுருங்கிடுச்சு. இந்த நிலைமைல 16 வயசுல ஒருத்தர் டிவிஷன் 3ல ஆடலாம்னு சொல்றது அவமானமே இல்ல. அங்க விளையாட்டு ஸ்காலர்ஷிப் கெடையாது, படிப்புக்கான உதவித்தொகை உண்டு, நல்ல படிப்பு இருக்கற காலேஜுகளும் நெறைய. வருண் ராம் பேரு கேள்விப்பட்டிருக்கீங்களா, நம்ம இந்திய வம்சாவளி, 5 அடி 9 இன்ச், டிவிஷன் 3 ட்ரினிட்டி காலேஜ்ல ஆரம்பிச்சு மேரிலாண்ட் யுனிவர்சிட்டிக்கு மாறி ஸ்காலர்ஷிப் இல்லாம டீம்ல சேந்தவர். 2015 மார்ச்ல வால்பரைசோ யுனிவர்சிட்டிக்கு எதிரா என்.சி.ஏ.ஏ. (காலேஜ் விளையாட்டுகள நடத்தற அமைப்பு) டோர்னமென்ட் கேம், மேரிலாண்ட் மூணு பாயிண்ட் முன்னாடி, எதிர் டீமுக்கு கடைசி ஷாட். கோச் இவர உள்ள எறக்கினாரு, டிஃபென்ஸ் ஆட. எதிராளிய ஷாட் எடுக்கவே விடல, 65-62னு ஜெயிச்சாங்க. கால் நல்லா நகருதுங்கற ஒரு வரிக்கு அவ்ளோ மதிப்பு உண்டு.

அதுக்காக ஷூட்டிங் குறைய கண்டுக்காம விடக்கூடாது. 6 அடி 1 இன்ச் கார்டு ஓப்பனா இருக்கறப்ப ஷூட் பண்ணலன்னா அவன காக்கறவன் அவன விட்டுட்டு நடுவுல போய் நின்னுக்குவான், அப்புறம் இவன் பாஸ் போற வழியும் அடைஞ்சுபோகும். ஓப்பன்ல இருந்தா தயங்காம போடணும், இல்லாதப்ப பாஸ், அந்த முடிவ சீக்கிரம் எடுக்க பழகணும்.

வீட்டுக்காரர் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு, காசுக்கு மட்டும் நடக்கற கேம்புகள் நெறைய. கோடைல டிவிஷன் 1 கோச்சுங்க என்.சி.ஏ.ஏ. அனுமதி குடுத்த நிகழ்ச்சிக்கு, அதுவும் லைவ் பீரியட்னு சொல்ற அந்த குறிப்பிட்ட நாள்கள்ல மட்டும்தான் வந்து பாக்க முடியும். அந்த அனுமதி இல்லாத கேம்ப் "காலேஜ் கோச்சுகள் வருவாங்க"ன்னு விளம்பரம் பண்ணா எந்த டிவிஷன் கோச்சுன்னு நேரடியா கேளுங்க. என் அபிப்பிராயம், இந்த கோடைல இன்னொரு கேம்ப் வேண்டாம். அடுத்த ஜூன்ல ஸ்கூல் டீமோடவே ஆடட்டும், 2019லருந்து ஜூன்லயும் ஸ்கூல் டீம் நிகழ்ச்சிகள காலேஜ் கோச்சுங்க வந்து பாக்கறாங்க, அங்க அவனுக்கு தெரிஞ்ச பசங்க, பாஸ் பண்ணா பந்து திரும்பி வரும். படிக்க புடிச்ச காலேஜ் நாலஞ்சு தேர்ந்தெடுத்து அந்த காலேஜ் கோச்சே நடத்தற கேம்புக்கு போங்க, பாக்கறவரும் முடிவெடுக்கறவரும் அங்க ஒரே ஆள்.

வீடியோ அனுப்பறதா இருந்தா நல்ல ஷாட்ட மட்டும் வெட்டி ஒட்டின மிக்ஸ்டேப் வேண்டாம், முழு கேம் அனுப்புங்க, தோத்த கேம் ஒண்ணும் சேத்து. சீசன் நவம்பர்ல ஆரம்பிச்சதும் எனக்கும் ரெண்டு கேம் அனுப்பி வைங்க, ஃப்ரீ த்ரோ கணக்கையும் எழுதுங்க, பாத்துட்டு பதில் போடறேன்.