சில்லறை யாருடையது? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் பிலிப்பைன்ஸில் டாவோ நகரில் மருத்துவம் படிக்கிறேன். இங்கே முதலில் பி.எஸ்., அப்புறம்தான் எம்.டி. இப்போது எம்.டி. இரண்டாம் வருடம். நாங்கள் நாலு பேர் வாடகைக்கு இருக்கும் மாடிக்குக் கீழே ஒரு சாரி-சாரி கடை. நம்மூர் பெட்டிக்கடை மாதிரிதான், கம்பிவலைக்குப் பின்னால் எல்லாம் சாஷேயாகத் தொங்கும். கடைக்கார அம்மாவின் மூத்த மகனுக்கு என் வயது, 23. கால்சென்டரில் ராத்திரி வேலை. விடிகாலையில் அவன் திரும்பும் நேரமும் நான் படிக்க எழுந்திருக்கும் நேரமும் ஒன்று. கடை பெஞ்சில் உட்கார்ந்து சூடான பான் தெ சால் ரொட்டியும் த்ரீ-இன்-ஒன் காபியும் சாப்பிடுவோம்.

ஒரு வருடமாகப் போனில் ஆங்கிலத்தில் குறிப்புகள் எழுதி வருகிறான். தன்னைத் தேடும் பயணம் என்று அதற்குத் தலைப்பு. என்னிடம் படிக்கக் கொடுத்தான். முதல் பத்துப் பக்கம் ‘நான் யார், எதற்காகப் பிறந்தேன்’ என்று போகிறது. அதன் பிறகு முழுக்க ஜீப்னி, மழை, அரிசி விலை, அம்மாவின் பிரஷர் மாத்திரை, தங்கையின் ஃபீஸ். ஒரு நாள் குறிப்பு இவ்வளவுதான்: “பின்னாலிருந்து வந்த காசை வாங்கி முன்னால் கொடுத்தேன். மீதிச் சில்லறை திரும்பி வந்தபோது அது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.” ‘இதில் நீ எங்கே இருக்கிறாய்? இது வெறும் அன்றாடக் கதை’ என்றேன். சிரித்தான். மூன்று வாரமாக ஒன்றும் எழுதவில்லை.

சம்பளத்தில் பாதிக்கு மேல் வீட்டுக்கே போகிறது. வெளிநாடு போனால்தான் நான் யாரென்று எனக்கே தெரியும் என்கிறான். எனக்கும் அது சரியென்றுதான் படுகிறது. குடும்பச் சுமையை வைத்துக்கொண்டு ஒருவன் தன்னைக் கண்டடைய முடியுமா? நான் அவனிடம் சொன்னது தப்பா?

கா., டாவோ

*

அன்புள்ள கா.,

தப்புதான். ஒருவன் டைரியைப் படிக்கக் கொடுப்பது சட்டையைக் கழற்றிவிட்டு முன்னால் நிற்பது மாதிரி. நீங்கள் டாக்டருக்குப் படிக்கிறவர். சட்டையைக் கழற்றி நிற்பவரிடம் எதைச் சொல்லக்கூடாது என்று இதற்குள் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

சரி, அந்தச் சில்லறைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த மூன்று வரியைத்தான்.

ஜீப்னியைப் பார்க்காத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப்போர் முடிந்து அமெரிக்க ராணுவம் விட்டுவிட்டுப் போன ஜீப்புகளை நீளமாக்கி, கூரை போட்டு, கண்ணைப் பறிக்கிற மாதிரி பெயிண்ட் அடித்து ஓட்ட ஆரம்பித்தார்கள். உள்ளே எதிரெதிராக இரண்டு நீள பெஞ்ச். ஏறுவதும் இறங்குவதும் பின்பக்கமாக. பெரும்பாலும் கண்டக்டர் கிடையாது. கடைசியில் உட்கார்ந்தவர் ‘பாலிஹுக்’ என்று காசை நீட்டுவார். பிசாயா மொழியில் தயவுசெய்து என்று அர்த்தம். பக்கத்தில் இருப்பவர் வாங்குவார், அடுத்தவர் வாங்குவார், டிரைவர் முதுகுக்குப் பின்னால் இருப்பவர் சம்பளமில்லாத கண்டக்டர். டிரைவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மீதியைப் பொறுக்கிக் கொடுக்க, அது வந்த வழியே திரும்பிப் போகும். நம்ம டவுன் பஸ்ஸில் ‘ஒரு பெரியார் நிலையம்’ என்று காசு நாலு கை மாறிப் போய், டிக்கெட்டும் சில்லறையும் தலைக்கு மேலே திரும்பி வருமே, அதேதான். 2017ல் தொடங்கிய நவீனமயத் திட்டத்தில் பழைய ஜீப்னிகளுக்குப் பதிலாக மினிபஸ் மாதிரி வண்டிகள் வந்துகொண்டிருக்கின்றன. உங்கள் நண்பர் எழுதியது இன்னும் சில வருடத்தில் பழங்கதையாகிவிடலாம்.

இப்போது அந்த வரிகளை மறுபடி பாருங்கள். பின்னாலிருந்து காசு வருகிறது, இவன் கை வழியாக முன்னால் போகிறது. மீதி வருகிறது, அதுவும் இவன் கை வழியாகத்தான் போகிறது. எதுவும் இவனுடையது இல்லை. மாதா மாதம் சம்பளம் வந்து பிரஷர் மாத்திரையாகவும் தங்கையின் ஃபீஸாகவும் போவது இப்படித்தானே? நடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மூத்த பையன். ‘இதில் நீ எங்கே’ என்று கேட்டீர்களே, முழுக்க அவன்தான் இருக்கிறான். தெரிந்தே எழுதினானா, தெரியாமல் வந்து விழுந்ததா, அது வேறு விஷயம். நல்ல வரிகள் பாதிக்குப் பாதி தெரியாமல் விழுகிறவைதான். அந்த முதல் பத்துப் பக்கத்தைக் கோயம்புத்தூரில் இருக்கும் எவரும் எழுதிவிடலாம். இந்த மூன்று வரிக்கு அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

விர்ஹிலியோ என்ரிகெஸ் என்று ஒரு பிலிப்பைன்ஸ் உளவியலாளர் இருந்தார். அமெரிக்காவில் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு 1971ல் ஊர் திரும்பியவர். அங்கே கொடுத்த அளவுகோலால் தன் ஊர் ஆட்களை அளந்தால் பிசகுகிறதே என்று, ஜனங்கள் மணிலாப் பக்கத்து தகாலோக் மொழியில் புழங்கும் சொற்களையே வைத்து ஒரு உளவியலைக் கட்டினார். அதற்கு நடுத்தூணாக அவர் நட்ட சொல் காப்வா. ஆங்கிலத்தில் ‘அதர்ஸ்’ என்று மொழிபெயர்ப்பார்கள். அதுதான் தப்பு என்றார் என்ரிகெஸ். ‘அதர்ஸ்’ என்றதும் நான் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம் என்று கோடு விழுந்துவிடுகிறது. காப்வாவுக்குள் நானும் இருக்கிறேன். பழகும் மனிதர்களை அந்த மொழி இரண்டாகப் பிரிக்கிறது என்று அவர் காட்டினார். ஒன்று இபாங் தாவோ, அதாவது வேற்றாள். இன்னொன்று ஹிந்தி இபாங் தாவோ, வேற்றாள் இல்லாதவர். அமெரிக்க மாணவர்களுக்கு இதை விளக்க ஒரு வகுப்பு வேண்டியிருக்கும். ‘நீங்க என்ன வேத்தாளா, உள்ள வாங்க’ என்று சொல்லி வளர்ந்த நமக்கு வேண்டாம்.

எனக்கு இதை என்ரிகெஸுக்கு முன்னாலேயே ஒரு டிபன் டப்பா சொல்லிக்கொடுத்தது. இருபது வருடம் முன்பு ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜையில் பிலிப்பைன்ஸின் படாங்காஸிலிருந்து வந்த ஒரு பெண். மதியம் டப்பாவைத் திறந்ததும் சுற்றி இருப்பவர்களைப் பார்த்து ‘காயின் தாயோ’ என்பார். சாப்பிடலாம் வாங்க. முதல் நாளே நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பாவம், இருந்த சோற்றில் பாதியை மூடியில் தள்ளி என் பக்கம் நகர்த்தினார். ஊரில் சாப்பிடுகிறவர் ‘வாங்க’ என்றால் ‘இருக்கட்டும், இப்பதான் ஆச்சு’ என்று சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா என்ன? பாஷை மாறியதும் மரியாதை மறந்துபோயிற்று. பழகிய பிறகு அவர்தான் விளக்கினார். கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் தாயோ, விட்டுவிட்டால் காமி. நாம், நாங்கள்! ஆபீஸில் இருந்த ஆங்கிலேயருக்கு அதைப் புரியவைக்க நாங்கள் இருவரும் ஒரு மத்தியானம் முழுக்கப் பாடுபட்டோம். உங்கள் டாவோ பிசாயாவில் இது கிதா, காமி. கடைக்கார அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் நண்பன் எழுதுவது ஆங்கிலத்தில். ராத்திரி முழுக்க ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ‘உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது’ என்று யாருக்கோ ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வருகிறான். அந்த வாக்கியத்தில் வரும் ‘எனக்கு’ கம்பெனி எழுதிக்கொடுத்தது. டைரியைத் திறந்ததும் முதலில் அந்தக் குரல்தான் வரும். முதல் பத்துப் பக்கம் அந்தக் குரல் என்பது என் ஊகம். அவனைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்கா அந்த நாட்டை ஆண்ட காலத்தில், 1901ல், தாமஸ் என்ற கப்பலில் சுமார் 500 அமெரிக்க வாத்தியார்கள் மணிலாவில் வந்து இறங்கினார்கள். அதிலிருந்து அங்கே பெரிய விஷயம் பேச ஆங்கிலம், மீன் வாங்க வீட்டு மொழி. ஆரம்பப் பள்ளியில் தாய்மொழிவழிப் பாடம் என்று 2012ல் கொண்டுவந்ததைக்கூட 2024ல் சட்டம் போட்டுக் கட்டாயமில்லாமல் ஆக்கிவிட்டார்கள். நாம் இதைச் சொல்லிச் சிரிக்கிற இடத்தில் இல்லை. ஒரு குறிப்பையாவது அவன் பிசாயாவில் எழுதிப் பார்க்கலாம். அம்மா படித்துவிடுவாரே என்று பயந்தால் அது இன்னும் நல்ல குறிப்பாக வரும்.

உங்கள் இன்னொரு கேள்வி, குடும்பச் சுமையோடு ஒருவன் தன்னைக் கண்டடைய முடியுமா என்பது. இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தயக்கம் இருக்கிறது. காப்வா, தாயோ என்று உருகிவிட்டு ‘குடும்பமே கோயில், சுமந்துகொண்டே இரு தம்பி’ என்று முடிப்பது சுலபம். சுமப்பது நானில்லையே.

தகாலோக்கில் ஊதாங் நா லோஓப் என்று ஒரு சொற்றொடர் உண்டு. ஊதாங் என்றால் கடன். அந்த அம்மா கடையில் யார் யார் எவ்வளவு பாக்கி என்று நோட்டில் எழுதி வைப்பாரே, அதே கடன். லோஓப் என்றால் உள். நம் உள்ளம் ‘உள்’ளிலிருந்து வந்த மாதிரி, அங்கேயும் உள்தான் மனசு. மனசில் பட்ட கடன், அடைத்துத் தீராதது. பெற்றவர்களுக்குப் பட்டது அதில் முதல். நம் மொழியிலும் வாங்கிய பணமும் கடன், செய்யவேண்டியதும் கடன். ஆனால் தமிழ் இன்னொரு வேலையும் செய்துவைத்திருக்கிறது. ‘கடனே என்று செய்தான்’ என்போம். மனசில்லாமல் செய்தான் என்று அர்த்தம். இந்த இரண்டு கடனுக்கும் நடுவில்தான் உங்கள் நண்பர் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

அவர் மட்டுமில்லை. 2025 ஜூலையில் பிலிப்பைன்ஸ் செனட்டர் பன்ஃபிலோ லாக்சன், வயதான, நோயாளிப் பெற்றோரைப் பிள்ளைகள் காப்பாற்றுவதைச் சட்டப்படி கட்டாயமாக்கும் மசோதா கொண்டுவந்தார். இளைஞர்களிடமிருந்து எதிர்ப்பு கிளம்பியது. பெற்றோரைக் கைவிட ஆசைப்பட்டுத்தான் கத்தினார்கள் என்று நான் நினைக்கவில்லை. மனசிலிருந்து செய்வதை வாரண்ட் காட்டி வாங்கினால் யாருக்கும் வலிக்கும். நம் நாட்டில் இப்படி ஒரு சட்டம் 2007லேயே வந்துவிட்டது, நாம் பெரிதாகச் சத்தம் போடவில்லை.

சரி, அவன் வெளிநாடு போகட்டும். 1974ல் அதிபர் மார்க்கோஸ் காலத்துத் தொழிலாளர் சட்டம் வெளிநாட்டு வேலைக்கு ஆளனுப்புவதை அரசு வேலையாகவே ஆக்கியது. 2023ல் வெளியே இருப்பவர்கள் ஊருக்கு அனுப்பியது 3,700 கோடி டாலருக்கு மேல். அதாவது போனவர்கள் சுமையை இறக்கிவைக்கவில்லை, தூரத்திலிருந்து தூக்குகிறார்கள். படாங்காஸ்காரப் பெண்ணின் அறை மூலையில் எப்போதும் ஒரு பாலிக்பாயான் பெட்டி வாயைத் திறந்துகொண்டு நிற்கும். ஊருக்குக் கப்பலில் அனுப்பும் பெரிய அட்டைப்பெட்டி. சோப்பு, டவல், டின் மாட்டிறைச்சி, சாக்லேட் என்று ஆறு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பும். தம்பி தன் பாதத்தைப் பேனாவால் சுற்றி வரைந்து அனுப்பிய தாளைக் கடைக்கு எடுத்துப்போய் ஷூவுக்குள் வைத்துப் பார்த்து வாங்கினார். அந்தத் தாளை நானே பார்த்தேன், கட்டைவிரல் பக்கம் கோடு நடுங்கியிருந்தது.

அவர் ஒரு முறை வீட்டுக்குப் பொய் சொன்னார். ஓவர்டைம் இல்லை என்று சொல்லி இரண்டு மாதம் பணத்தைக் குறைத்து அனுப்பிவிட்டு, நீச்சல் வகுப்பில் சேர்ந்தார். கடலோரத்தில் பிறந்து 31 வயது வரை நீச்சல் தெரியாதவர். என்னிடம் சொல்லும்போது திருடிவிட்டு வந்த மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மூன்றாம் மாதம் பழையபடி முழுப்பணமும் போயிற்று, பெட்டியும் நிரம்பியது. முடியுமா என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்து பார்த்தது இது ஒன்றுதான். இதை ஷார்ஜாவுக்குப் போகாமல் டாவோவிலேயே செய்ய முடியுமா என்பதை அவனிடம்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று. இத்தனை எழுதினீர்கள், உங்கள் ஃபீஸை யார் கட்டுகிறார்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. கேட்டுத் தொந்தரவு செய்யவில்லை, கண்ணில் பட்டது.

நாளை விடிகாலை பெஞ்சில் உட்காரும்போது மன்னிப்பெல்லாம் கேட்டு அவனைச் சங்கடப்படுத்தாதீர்கள். ஜீப்னியில் காசு கொடுக்காமல் நழுவுவதை அங்கே ‘ஒன்-டூ-த்ரீ’ என்பார்கள், உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்தக் குறிப்பில் அடுத்தவர் காசு வருகிறது, அடுத்தவர் சில்லறை போகிறது, அவன் காசைப் பற்றிப் பேச்சே இல்லை. அன்றைக்கு அவன் காசு கொடுத்தானா, இல்லை ஒன்-டூ-த்ரீயா என்று கேளுங்கள்.

அன்புடன்.