நீல வெளிச்சத்தை நம்பாதீர்கள்

முனையில் ஒளிரும் பூச்சுப் பூசி, புற ஊதாக் கதிரை உணர வைக்கும் ஒளியிழை (ஃபைபர்) பற்றிப் பாலக்காட்டு எல்லைப் பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு, கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவரின் பதில்கள்.

கேள்வி (கஞ்சிக்கோடு): ஐயா, புற ஊதாவை நேராக ஃபைபருக்குள் அனுப்பினால் என்ன? பூச்சு எதற்கு?

பதில்: பிளாஸ்டிக் ஃபைபர் அதை வழியிலேயே விழுங்கிவிடும். பெர்மிட் இல்லாத லாரியின் சரக்கை வாளையாறு எல்லையில் வேறு லாரிக்கு மாற்றி ஏற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முனையில் உள்ள பூச்சு புற ஊதாவை உறிஞ்சி, அலைநீளம் கூடிய, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக உமிழும். 1852-இல் ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி விளக்கியதும் இதைத்தான். அதில் ஒரு சிறு பங்கு இழைக்குள் புகுந்து, மறுமுனையில் உள்ள, ஒளியை மின்சாரமாக மாற்றும் ஃபோட்டோடையோடைச் சேரும்.

கேள்வி (வேலந்தாவளம்): கேன் தண்ணீர் ஆலை வைத்திருக்கிறேன். தண்ணீரின் கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்கு நீலமாக எரிகிறதே, அது போதாதா?

பதில்: போதாது. கிருமியைக் கொல்வது 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர். அது கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் பார்க்கும் நீலம் பாதரச ஆவியின் உபரி வெளிச்சம். விளக்குக்கு வயதானாலும், அதைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் உறையில் போர்வெல் நீரின் உப்பு படிந்தாலும், 254 குறைந்துவிடும். நீலமோ முன்போலவே இருப்பதாகத் தோன்றும். யூரோப்பியம் கலந்த இட்ரியம் ஆக்சைடை ஃபைபரின் முனையில் பூசுங்கள். சி.எஃப்.எல். விளக்கில் சிவப்பைத் தருவது இதே பொருள்தான். 254-ஐ வாங்கி 611 நானோமீட்டர் சிவப்பாகத் தரும். டையோடுக்கு முன்னால் ஒரு சிவப்பு ஃபில்டரை வைத்தால் நீலம் ஏமாற்றாது. அந்த முனை, விளக்கிலிருந்து பார்த்தால் தண்ணீருக்கு அந்தப் பக்கம், தொட்டிச் சுவரின் குவார்ட்ஸ் ஜன்னலுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அப்போதுதான் உறையின் கறையும் கணக்கில் வரும். ஃபைபரில் மின்சாரம் ஓடாததால் பம்ப் மோட்டாரின் மின் இரைச்சல் அதற்குள் ஏறாது.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, கல்லூரி மாணவர்): ஹைலைட்டர் மையைப் பூசிப் பார்க்கலாமா அண்ணா?

பதில்: தாராளமாக, தம்பி. ரூபாய் நோட்டைச் சோதிக்கும் 365 நானோமீட்டர் டார்ச் போதும். ஆனால் அந்த மை வெயிலில் வெளுக்கும் சாயத்துணி மாதிரி; புற ஊதா படப்பட மங்கும். செய்முறைத் தேர்வுக்கு உதவும், ஆலைக்கு உதவாது. 254 விளக்கை மட்டும் மூடியில்லாமல் எரிக்காதே. அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும்.

கேள்வி (மீனாட்சிபுரம்): நம் ஊர் வெயிலுக்கு அளவு மாறுமா?

பதில்: மாறும். பல சாயங்கள் சூடேறினால் மங்கும். மார்ச்சில் ஒரு முறை, மழைக்காலத்தில் ஒரு முறை, புது விளக்கை மாட்டி அளவை ஒப்பிட்டுக் குறித்து வையுங்கள்.