கம்பெனியே நேரடியாக விற்றால் டீலர் என்ன செய்வது? – கேள்வி பதில்

கோவை டீலர்: டிஸ்ட்ரிப்யூட்டர் எனக்கு 46,000 + ஜிஎஸ்டிக்குத் தரும் லேப்டாப்பை, கம்பெனி தன் வலைத்தளத்தில் 52,000க்கு விற்கிறது. நான் எப்படி விற்பது?

52,000 என்பது 18% ஜிஎஸ்டி சேர்ந்த விலை. 1.18ஆல் வகுத்தால் வரி இல்லாத விலை 44,068. உங்கள் கொள்முதலே 1,932 ரூபாய் கூட. அடுத்து, மாடலின் சரியான வகையைக் காட்டும் பார்ட் நம்பரைக் கடைசி எழுத்துவரை ஒப்பிடுங்கள். ஒரே மாடல் பெயரில் ஒன்று 8 ஜிபி, மற்றது 16 ஜிபி. ஒன்றுக்கு ஆன்சைட் வாரண்டி, மற்றதை சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிப் போக வேண்டும். எல்லாம் ஒன்றேதான் என்றால், தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வாடிக்கையாளர் பெயர், எண்ணிக்கையோடு ஸ்பெஷல் பிரைஸ் கேளுங்கள். பதிலை மெயிலில் வாங்குங்கள். போனில் சொன்ன விலை கிரெடிட் நோட்டாக (வித்தியாசத்தை உங்கள் கணக்கில் வரவு வைக்கும் சீட்டு) வராது.

என்னிடம் 20 ஸ்டாக் இருக்கும்போது கம்பெனி 3,000 ரூபாய் குறைத்துவிட்டது. 60,000 நஷ்டமா?

ஒப்பந்தத்தில், விலை குறைந்தால் கையிலிருக்கும் ஸ்டாக்குக்குக் கம்பெனி ஈடு தரும் பிரைஸ் புரொடெக்‌ஷன் இருந்தால் இல்லை. குறைப்பு அறிவித்த அன்றே சீரியல் நம்பர் பட்டியலையும் கொள்முதல் பில்லையும் அனுப்புங்கள். எத்தனை நாளுக்குள் வாங்கிய ஸ்டாக்குக்குச் செல்லும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். அதைத் தாண்டிய பெட்டிக்குப் பணம் வராது. இதுவும் மெயிலில்தான்.

இடையில் இருப்பவர் லாபம் போனால் விலை குறையும். டெல் ஜெயித்தது அப்படித்தானே?

பாதிதான் சரி. பெரிய விஷயம் ஸ்டாக்கின் வயது. பிராசஸர், மெமரி விலை வாராவாரம் இறங்கிய 1990களில், டெல் ஆர்டர் வந்தபிறகே கம்ப்யூட்டரைத் தயாரித்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் கையில் சுமார் ஒரு வாரச் சரக்குதான். போட்டிக் கம்பெனியான காம்பேக்கின் பெட்டிகள் டீலர் கிடங்கில் வாரக்கணக்கில் கிடந்தன. விலை இறங்கினால் அந்த ஸ்டாக்குக்கெல்லாம் காம்பேக் ஈடு கட்ட வேண்டும். டீலரை மட்டுமே நம்பி வளர்ந்த அந்தக் கம்பெனி நேரடி விற்பனையில் இறங்கியபோது டீலர்கள் கொதித்தது இயல்பு. சரக்குக் கொடுத்த கம்பெனியே அவர்களுக்குப் போட்டியாளர் ஆனது.

அதே நபர்: அப்படியானால் டீலரே வேண்டாம் என்றுதானே ஆகிறது?

ஆகவில்லை. அந்த டெல்லே 2007இல் வால்மார்ட் கடைகளில் கம்ப்யூட்டரை விற்பனைக்கு வைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் டீலர்களுக்கான பார்ட்னர் திட்டம் தொடங்கியது. பள்ளியில் 40 கம்ப்யூட்டரை இறக்கி, நெட்வொர்க் இழுத்து, பிரிண்டர் மக்கர் செய்தால் மறுநாள் போய் நிற்க வலைத்தளத்தால் முடியாது.

ஆப்பிளும் நேரடியாக விற்கிறதே?

2001 மே 19இல் அமெரிக்காவின் டைசன்ஸ் கார்னரிலும் கிளெண்டேலிலும் சொந்தக் கடை திறந்தது. பிறகு, சரக்கு ஒதுக்குவதில் ஆப்பிள் தன் கடைகளுக்கே சலுகை காட்டுகிறது என்று அமெரிக்க டீலர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். விலையைவிட சரக்கு யாருக்கு முதலில் போகிறது என்பதே டீலரை அதிகம் வலிக்கச் செய்யும்.

வலைத்தளத்தில் விலை குறைவு, என்ன செய்ய?

முதல் பதில். 1.18.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே?

முதல் பதிலேதான். பார்ட் நம்பர் இல்லாமல் இனி விலைக் கேள்வி வேண்டாம்.

கிரெடிட் நோட்டுக்கு ஜிஎஸ்டி?

ஆடிட்டரிடம் கேளுங்கள்.

ஒரு கல்லூரிக்கு நான் பேசி முடித்த ஆர்டரை கம்பெனி ஆளே நேரில் போய் எடுத்துவிட்டார்.

டீல் ரெஜிஸ்ட்ரேஷன் (இந்த வாடிக்கையாளரிடம் நான் பேசுகிறேன் என்று கம்பெனியிடம் முன்பே பதிவது) செய்தீர்களா? கொட்டேஷன் கொடுப்பதற்கு முன்பே கல்லூரி பெயர், மாடல், எண்ணிக்கை, எதிர்பார்க்கும் மாதம் நான்கையும் போட்டுப் பதியுங்கள். ஒப்புதல் எண்ணும் காலாவதித் தேதியும் வரும். அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே நீட்டிப்புக் கேளுங்கள். கம்பெனி தனக்கென ஒதுக்கிக்கொண்ட பெரிய வாடிக்கையாளர் பட்டியலில் கல்லூரி இருந்தால் பதிவு நிராகரிக்கப்படும். அந்தப் பதிலும் மெயிலில் வரட்டும். டெண்டர் என்றால் உற்பத்தியாளரின் அங்கீகாரக் கடிதம் உங்கள் நிறுவனப் பெயரில், அந்த டெண்டர் எண்ணோடு இருக்கிறதா என்று பாருங்கள். எண் மாறியிருந்தால் தொழில்நுட்பச் சுற்றிலேயே தள்ளிவிடுவார்கள்.